ஷெல்டனுக்கு ஆட்டிசமா? திரையில் தெரியும் அடையாளங்களை எப்படிப் படிப்பது

கேள்வி: 'தி பிக் பேங் தியரி' தொடரில் வரும் ஷெல்டன் கூப்பருக்கு ஆட்டிசம் என்று பலரும் சொல்கிறார்கள். தொடரில் அப்படி எங்கேயும் சொன்னதாகத் தெரியவில்லை. நாலு பேரோடு பழகத் தெரியாத ஒரு பாத்திரத்தைப் பார்த்து எதை வைத்து இப்படி முடிவு கட்டுகிறார்கள்? கூச்சம், திமிர், வளர்ந்த விதம் என்று வேறு காரணம் இருக்கக் கூடாதா?

பதில்:

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். என் பார்வையில் ஷெல்டன் ஆட்டிசம் உள்ள பாத்திரம்தான். எழுதியவர்கள் அந்தப் பெயரை வைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்களை வைத்து நான் இந்த முடிவுக்கு வரவில்லை. ஜோக் புரியாது, முகத்துக்கு நேரே பேசிவிடுவார், பெரிய மேதை என்று அடுக்குவார்கள். இதெல்லாம் ஆட்டிசம் இல்லாத ஆயிரம் பேரிடம் இருக்கும்.

குழந்தைகளையும் பெரியவர்களையும் மதிப்பீடு செய்வது என் வேலை. அங்கே ஒருவர் எவ்வளவு அசட்டுத்தனமாகப் பழகுகிறார் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மற்றவர்களுக்குத் தானாக வருகிற ஒன்றை இவர் யோசித்து, கணக்குப் போட்டு, உழைத்துச் செய்கிறாரா என்றுதான் பார்ப்பேன். ஒரு பாத்திரத்தைப் பார்க்கும்போதும் அந்த உழைப்பைத் தேடுங்கள். ஷெல்டனிடம் அது ஏராளமாக இருக்கிறது.

தொடரைப் பார்க்காதவர்களுக்கு: 2007 முதல் 2019 வரை அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 12 சீசன், 279 எபிசோடு ஓடியது. கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் ஒரே வீட்டைப் பகிர்ந்து வாழும் இரண்டு இயற்பியலாளர்கள் ஷெல்டனும் லெனர்டும். எதிர் வீட்டில் பென்னி. ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலை. ஷெல்டனாக நடித்தவர் ஜிம் பார்சன்ஸ். இந்த வேடத்துக்கு 4 முறை எம்மி விருது வாங்கினார்.

2008 டிசம்பரில் வந்த கிறிஸ்துமஸ் எபிசோடை எடுத்துக்கொள்வோம். உங்கள் இருவருக்கும் பரிசு வாங்கி வைத்திருக்கிறேன் என்று பென்னி சொல்கிறார். ஷெல்டனுக்கு முகம் விழுந்துவிடுகிறது. நீ எனக்குத் தந்திருப்பது பரிசு இல்லை, ஒரு கடமை என்கிறார். இனி அவரும் அதே மதிப்புள்ள, அதே அளவு நட்பைக் காட்டுகிற பொருள் ஒன்றை வாங்கியாக வேண்டுமே! ஆனால் பென்னி என்ன வாங்கியிருக்கிறார் என்று தெரியாது. அதனால் கடைக்குப் போய், குளியல் சாமான்கள் அடுக்கிய பரிசுக் கூடைகளைச் சின்னதிலிருந்து பெரியது வரை எல்லா அளவிலும் வாங்கி வந்து அறைக்குள் வைத்துக்கொள்கிறார். பென்னியின் பரிசை முதலில் பிரிக்க வேண்டியது. வயிறு சரியில்லை என்று சாக்குச் சொல்லி உள்ளே போக வேண்டியது. அதன் விலையைத் தேடிப் பார்க்க வேண்டியது. பொருத்தமான கூடையோடு வெளியே வர வேண்டியது. மீதியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியது. இதுதான் திட்டம்.

பிரித்தால் உள்ளே ஒரு நாப்கின். 'ஸ்டார் டிரெக்' தொடரில் ஸ்பாக்காக நடித்த லெனர்ட் நிமாய் பென்னியின் உணவகத்துக்கு வந்தபோது வாய் துடைத்துவிட்டு, ஷெல்டன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. ஷெல்டன் தடுமாறிப் போகிறார். உள்ளே ஓடி, இருந்த கூடைகள் அத்தனையையும் சுமந்து வருகிறார். இதுவும் போதாது என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு, விறைத்த உடம்போடு பென்னியைக் கட்டிப்பிடிக்கிறார்.

பார்க்கிறவர்களுக்கு இது சிரிப்புக் காட்சி. நான் இதில் கவனிப்பது, சரியாக நடந்துகொள்ள வேண்டும் என்று அவர் படும் பாட்டை. பென்னியைப் பற்றி அக்கறை இல்லாத ஆள் ஒரு கூடையை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். பரிசு வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற விதியும் ஷெல்டனுக்கு நன்றாகத் தெரியும். அவரிடம் இல்லாதது குத்துமதிப்பு. இந்த நட்புக்கு இவ்வளவு செய்தால் சரியாக இருக்கும் என்று நமக்கெல்லாம் மனசுக்குள் ஓர் அளவு ஓடுகிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே ஓடுகிறது. அவருக்கு அது ஓடாது. அதனால் எல்லா அளவிலும் வாங்கி வைக்கிறார்.

இதே மனிதரை நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் மொய் நோட்டின் முன்னால் உட்கார வைத்துப் பாருங்கள். யார் எவ்வளவு செய்தார்கள், நாம் எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அங்கே எழுத்தில் இருக்கிறது. ஷெல்டன் அங்கே திணறவே மாட்டார். எழுதி வைத்த முறையில் அவருக்குச் சிரமம் கிடையாது. எழுதாத முறையில்தான் சிரமம். ஒரு செயல் விசித்திரமாகத் தெரிவது ஊரைப் பொறுத்து மாறும் என்பதால்தான், செயலை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்கிறேன்.

அடுத்த மாதமே, 2009 ஜனவரியில், இன்னொரு எபிசோடு. பல்கலைக்கழகத்தில் ஒரு கம்ப்யூட்டர் வசதி கிரிப்கி என்ற சக விஞ்ஞானியின் கையில் இருக்கிறது. அது வேண்டுமென்றால் அவரோடு நட்பாக வேண்டும். ஷெல்டன் புத்தகக் கடைக்குப் போய், நண்பர்களைத் தேடிக்கொள்வது எப்படி என்று சொல்லும் குழந்தைகள் புத்தகம் ஒன்றைப் படித்து ஆராய்கிறார். பிறகு வெள்ளைப் பலகையில் நட்புக்கு ஒரு ஃப்ளோசார்ட் வரைகிறார். தொலைபேசியில் கிரிப்கியை அழைத்து அதன்படியே பேசுகிறார். சாப்பிட வருகிறாயா, டீ குடிக்க வருகிறாயா, உனக்குப் பிடித்தது என்ன, அது எனக்கும் பிடிக்குமா என்று கட்டம் கட்டமாகப் போய், ஓரிடத்தில் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து மாட்டிக்கொள்கிறார். நண்பர் ஹோவர்டு எழுந்து போய், குறிப்பிட்ட தடவைக்கு மேல் சுற்றினால் இருப்பதில் சகிக்க முடிந்த ஒன்றை ஒப்புக்கொள் என்று பலகையில் ஒரு வழி போட்டுத் தருகிறார். அப்படி ஒப்புக்கொண்டது, உள்ளரங்கில் பாறைபோல அமைத்த சுவரில் ஏறும் பயிற்சி. பாதிச் சுவர் ஏறியதும் ஷெல்டன் உறைந்துபோய்த் தொங்குகிறார்.

எழுத்தாளர்கள் இதை மிகைப்படுத்தித்தான் எழுதினார்கள். ஆனால் உள்ளே இருக்கும் விஷயம் உண்மை. என்னிடம் வரும் பெரியவர்களில் பலர், போன் பேசும் முன் என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். அவர் இப்படிச் சொன்னால் நான் இப்படிச் சொல்வேன் என்று கிளைகூடப் பிரித்து வைத்திருப்பார்கள். ஹோவர்டு செய்ததும் எனக்கு மிகவும் பிடித்தது. கேலி செய்துகொண்டு உட்காராமல், ஷெல்டன் யோசிக்கும் மொழியிலேயே ஓர் உதவி செய்தார். பெற்றோருக்கும் கணவன் மனைவிக்கும் நான் சொல்லித் தர முயல்வது கிட்டத்தட்ட இதைத்தான்.

இந்தக் கண்ணோட்டத்தோடு பார்த்தால் தொடர் முழுக்க அடையாளங்கள் கிடைக்கும். யாராவது அழுதால் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுப்பார். அதுதான் வழக்கம் என்று காரணமும் சொல்வார். என்ன செய்வதென்று தானாகத் தோன்றாத இடத்தில், கற்றுக்கொண்ட விதியை வைத்து ஆறுதல் தருகிறார். பேசுவது கிண்டலா இல்லையா என்று அடிக்கடி கேட்பார். ஒரு தடவை லெனர்ட் இது கிண்டல் என்று எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார். லெனர்டோடு ஒரே வீட்டில் இருப்பதற்கு நீளமான ஒப்பந்தம் எழுதி வைத்திருப்பார். எல்லோரும் அந்த ஒப்பந்தத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு அது மிகவும் விவேகமான காரியமாகத் தெரிகிறது. சேர்ந்து வாழும் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத எதிர்பார்ப்புகள் எத்தனையோ இருக்கும். அவற்றை ஊகிக்க முடியாத ஒருவர், எல்லாவற்றையும் தாளில் இறக்கிவிட்டால் நிம்மதியாக இருக்கலாம்.

இதுவரை சொன்னது மனிதர்களோடு பழகும் பக்கம். அது மட்டும் போதாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளைக் கண்டறிய உதவும் டி.எஸ்.எம்.-5 கையேடு இரண்டு பக்கங்களைக் கேட்கிறது. ஒரு பக்கம் சமூகத் தொடர்பு: பேச்சிலும் உணர்விலும் கொடுத்து வாங்குவது, பார்வை, சைகை, முகபாவம் போன்றவற்றைப் பயன்படுத்துவது, உறவுகளை உண்டாக்கி வைத்துக்கொள்வது. இந்த மூன்றிலும் சிரமம் இருக்க வேண்டும். இன்னொரு பக்கம் நான்கு அம்சங்கள்: திரும்பத் திரும்பச் செய்யும் அசைவோ பேச்சோ, மாற்றத்தைத் தாங்க முடியாமை, மிக ஆழமான குறுகிய ஈடுபாடு, ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உணர்வது. இதில் குறைந்தது இரண்டு வேண்டும். அதோடு எல்லாம் சின்ன வயதிலிருந்தே இருந்திருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும். பழகத் தெரியவில்லை என்பது மட்டுமே இருந்து இரண்டாவது பக்கம் காலியாக இருந்தால் அது ஆட்டிசம் இல்லை. இணையத்தில் பாத்திரங்களுக்கு முத்திரை குத்தும்போது பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

ஷெல்டனுக்கு அந்தப் பக்கம் நிறைந்து கிடக்கிறது. ரயில், கொடிகள், காமிக்ஸ் பற்றியெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. சோபாவில் அவருடைய இடத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசலாம். முதல் எபிசோடிலேயே பென்னி தெரியாமல் அங்கே உட்கார்ந்துவிட, ஷெல்டன் விளக்கம் சொல்கிறார். குளிர்காலத்தில் ஹீட்டரின் சூடு அந்த இடத்துக்குப் போதிய அளவு வரும், ஆனால் வியர்க்காது. கோடையில் இரண்டு ஜன்னலையும் திறந்தால் காற்று அதன் வழியாகத்தான் போகும். டிவி இருக்கும் கோணமும் சரியாக இருக்கும். பிடிவாதக்காரர் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அவர் சொல்லும் காரணங்களைக் கேளுங்கள்: சூடு, வியர்வை, காற்று, பார்வைக் கோணம். முக்கால்வாசி புலன் சம்பந்தப்பட்டவை. மாறாத ஓர் இடம் இருந்தால் உடம்புக்கு ஒரு தொல்லை குறையும் என்று வாழ்கிற ஒருவரின் விளக்கம் அது.

2019-இல் வந்த கடைசி எபிசோடுகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஷெல்டனுக்கும் அவர் மனைவி ஏமிக்கும் நோபல் பரிசு கிடைத்திருக்கிறது. வாழ்க்கையிலேயே பெரிய சந்தோஷம். ஆனால் ஷெல்டன் நிலைகுலைந்து போகிறார். பேட்டி கேட்டு ஆட்கள் வருகிறார்கள், பல வருடமாகக் கெட்டுக் கிடந்த லிஃப்ட் திடீரென்று ஓடுகிறது, ஏமி சிகை அலங்காரத்தை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறார். இத்தனை மாற்றமும் சேர்ந்துதான் அவரை உடைக்கிறது. நல்ல மாற்றமும் மாற்றம்தானே. தான் ஆசைப்பட்ட கல்லூரியில் இடம் கிடைத்த முதல் வாரத்தில் ஒரு பிள்ளை சாப்பிடாமல், பேசாமல் ஒடுங்கிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் உள்ளவர்களுக்கு அது புரியவே புரியாது. கேட்டதுதானே கிடைத்தது என்பார்கள்.

சின்ன வயதும் நமக்குத் தெரியும். 2017-இல் தொடங்கிய 'யங் ஷெல்டன்' டெக்சாஸில் கழிந்த அவருடைய பிள்ளைப் பருவத்தைக் காட்டுகிறது. சாப்பிடும் முன் குடும்பமே கை கோத்துப் பிரார்த்தனை செய்யும்போது, 9 வயது ஷெல்டன் கையுறை போட்டுக்கொண்டுதான் கையைக் கொடுக்கிறான். பிரார்த்தனையிலிருந்து விலகவில்லை என்பதைக் கவனியுங்கள். கலந்துகொள்கிறான், தோலில் தோல் படாமல்.

சரி, இப்போது உங்கள் கேள்வியின் இன்னொரு பகுதி. திமிராக இருக்கக் கூடாதா? இருக்கிறது. அது வேறு. ஹோவர்டுக்கு டாக்டர் பட்டம் இல்லை என்று வருடக்கணக்கில் குத்திக் காட்டுவதும், லெனர்டின் ஆராய்ச்சியை மட்டம் தட்டுவதும் ஆட்டிசத்தின் கூறுகள் அல்ல. அதெல்லாம் கர்வம். ஒருவரை இளக்காரமாகப் பார்க்க, சமூகத்தில் யார் மேலே யார் கீழே என்ற கணக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தொடர் இந்த இரண்டையும் ஒரே மனிதரில் கலந்து, ஒரே சிரிப்பொலியைப் போட்டுக் காட்டிவிட்டது. விளைவு, ஆட்டிசம் உள்ளவர்கள் பிறரை மதிக்காதவர்கள் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். நான் சந்திப்பவர்களில் பெரும்பாலோர், யாரையாவது புண்படுத்திவிட்டோமோ என்று ராத்திரி தூங்காமல் அன்றைய பேச்சை வரிவரியாகத் திருப்பி ஓட்டிப் பார்ப்பவர்கள்.

கர்வத்தைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று பார்க்க, வேறு இரண்டு பாத்திரங்கள் உதவும். ஒருவர், 2009-இல் தொடங்கிய 'கம்யூனிட்டி' தொடரின் ஏபெட். ஏபெட்டுக்கு யார் மேலும் இளக்காரம் கிடையாது. மனிதர்களைப் புரிந்துகொள்ள அவர் கையில் இருக்கும் அகராதி சினிமாவும் டிவியும். இந்தச் சண்டை இந்த வகைக் கதை, இதற்கு அடுத்து இது நடக்கும் என்று கணக்குப் போடுவார். 2010 கிறிஸ்துமஸ் எபிசோடில் உலகமே அவருக்கு பொம்மைப் படம்போலத் தெரிய ஆரம்பிக்கிறது. வருடா வருடம் வரும் அம்மா இந்த முறை வரவில்லை என்பது கடைசியில்தான் நமக்குத் தெரிகிறது. துக்கம் அவரிடம் கண்ணீராக வெளிப்படவில்லை, வேறு உருவத்தில் வருகிறது. உணர்ச்சியே இல்லாதவர்கள் என்று நினைப்பவர்கள் அந்த ஒரு எபிசோடைப் பார்த்தால் போதும். அந்தத் தொடரை உருவாக்கிய டான் ஹார்மன், ஏபெட்டுக்காக ஆட்டிசம் பற்றித் தேடிப் படித்தபோது அந்த அடையாளங்களைத் தன்னிடமே கண்டதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்னொருவர் சாகா நொரேன். ஸ்வீடனும் டென்மார்க்கும் சேர்ந்து எடுத்த 'தி பிரிட்ஜ்' தொடரின் போலீஸ் அதிகாரி, 2011-இல் வந்தது. முதல் எபிசோடிலேயே, இரு நாடுகளையும் இணைக்கும் ஓரசுண்ட் பாலத்தின் நடுவில் பிணம் கிடக்கிறது. இதய நோயாளியோடு ஒரு ஆம்புலன்ஸ் வருகிறது. குற்றம் நடந்த இடத்துக்குள் வண்டி வரக் கூடாது என்று சாகா மறுத்துவிடுகிறார். டேனிஷ் அதிகாரி மார்ட்டின் விட்டுவிடுகிறார். சாகா அவர்மேல் புகார் எழுதுகிறார். அதில் கோபமோ பகையோ இல்லை. விதி மீறப்பட்டது, எழுதினேன், அவ்வளவுதான். பிறகு அதே மார்ட்டினோடு நல்ல நட்பும் உண்டாகிறது. திமிரும் விதிப்பற்றும் வேறு வேறு என்பதை இதைவிடச் சுத்தமாக எந்தத் தொடரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. சாகா ஒரு பெண் என்பதும் முக்கியம். பெண்களிடம் ஆட்டிசம் கவனிக்கப்படாமலே போவது அதிகம். மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து நடித்துச் சமாளிப்பது, மாஸ்கிங் என்கிறோமே, அது அவர்களிடம் கூடுதலாக இருக்கும்.

கூச்சத்தோடு குழப்பிக்கொள்வது இன்னும் சுலபம். சமூகப் பதற்றம் உள்ளவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று பெரும்பாலும் தெரியும். செய்தால் பிறர் என்ன நினைப்பார்களோ என்ற பயம் தடுக்கும். நம்பிக்கையான இரண்டு பேரோடு மட்டும் இருக்கும்போது அந்தப் பயம் விலகி சரளமாகப் பழகுவார். ஆட்டிசத்தில் அந்த எழுதாத விதியே கண்ணில் படுவதில்லை, நெருங்கியவர்களோடு இருந்தாலும்கூட. இரண்டும் சேர்ந்தும் வரும். பல வருடம் தப்புத் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டவருக்குப் பதற்றம் வராமல் எப்படி இருக்கும்?

ஷெல்டன் கதவை மூன்று தடவை தட்டுவதை ஓ.சி.டி., அதாவது ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யத் தூண்டும் கோளாறு, என்று சிலர் சொல்வார்கள். 10-ஆம் சீசனில் காரணம் வருகிறது: 13 வயதில் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவர் கதவைத் திறக்க, அப்பா வேறு ஒரு பெண்ணோடு இருந்திருக்கிறார். அன்றிலிருந்து மூன்று தட்டு. முதல் தட்டு வழக்கத்துக்கு, மற்ற இரண்டும் உள்ளே இருப்பவர்கள் உடை மாற்றிக்கொள்ள. ஒரு தடவை நடந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்த பழக்கம் இது. ஆகவே தொடரிலேயே மிகவும் புகழ்பெற்ற அடையாளத்தை நான் ஆட்டிசக் கணக்கில் சேர்க்க மாட்டேன். கிருமி பயமும் அப்படித்தான், தனியாக ஆராய வேண்டியது.

அப்புறம், எழுதியவர்கள் ஏன் ஒப்புக்கொள்ளவில்லை? தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான பில் பிரேடி, ஷெல்டனை அஸ்பெர்கர் (ஆட்டிசத்தின் ஒரு வகைக்கு முன்பு இருந்த பெயர்) உள்ளவராக எழுதவில்லை என்று சொல்லியிருக்கிறார். தான் பழகிய கம்ப்யூட்டர் புரோகிராமர்களின் குணங்களை எடுத்துக்கொண்டாராம். பெயர் வைத்துவிட்டால் ஒவ்வொரு விவரத்தையும் சரியாகக் காட்டும் சுமை வந்துவிடும் என்ற எண்ணமும் இருந்தது. ஜிம் பார்சன்ஸ் எழுத்தாளர்களிடம் கேட்டிருக்கிறார், இல்லை என்ற பதில்தான் வந்தது. ஆனாலும் அந்த அம்சங்கள் ஷெல்டனிடம் நிறைய இருப்பதாகவே அவருக்குப் பட்டது. இதில் எனக்கு ஆச்சரியமில்லை. அந்தப் புரோகிராமர்களில் சிலர் ஆட்டிசம் உள்ளவர்களாகவே இருந்திருக்கலாம். பெயர் தெரியாமலே ஒன்றைத் துல்லியமாக வரைய முடியும். மருத்துவர்கள் லியோ கானர் 1943-லும் ஹான்ஸ் அஸ்பெர்கர் 1944-லும் எழுதி வைக்கும் முன்பும் இந்த மனிதர்கள் இருந்தார்களே. பெயர் வைக்காததில் எனக்கு இருக்கும் குறை வேறு. பெயர் இல்லாததால் சிரிப்பதற்கு யாருக்கும் தயக்கம் வரவில்லை. ஒரு காட்சியைச் சிரிப்பொலி இல்லாமல் மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். பல இடங்களில், தன்னால் முடிந்த மட்டும் முயலும் ஒருவரைச் சுற்றி நண்பர்கள் கண்ணைக் காட்டிக்கொள்வதுதான் மிஞ்சும்.

அஸ்பெர்கர் என்ற பெயர் இப்போது மருத்துவத்தில் தனியாக இல்லை. 2013-இல் அதையும் மற்ற உட்பிரிவுகளையும் சேர்த்து ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்று ஒரே பெயராக்கிவிட்டார்கள்.

ஏமி விஷயத்தில் மட்டும், ஆராய்ச்சியாளர்களுக்கு முன்னாலேயே இந்தத் தொடர் ஒன்றைக் காட்டிவிட்டது என்று நினைக்கிறேன். 2010 மே மாதம், 3-ஆம் சீசன் முடிவில் இருவரும் முதல் முறை சந்திக்கிறார்கள். ஏமி வந்ததும் நிபந்தனை சொல்கிறார்: உடல் ரீதியான தொடுதல் எதுவும் கிடையாது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே எழுந்து போயிருப்பார்கள். ஷெல்டன் உடனே, குடிக்க ஏதாவது வாங்கித் தரட்டுமா என்று கேட்கிறார். வெதுவெதுப்பான தண்ணீர் என்கிறார் ஏமி. அந்த இரண்டு பேருக்குள் தடங்கலே இல்லை. 2012-இல் டேமியன் மில்டன், தானே ஆட்டிசம் உள்ள ஆய்வாளர், ஒரு கருத்தை வைத்தார்: புரியாமை இரண்டு பக்கமும் உண்டு, ஆட்டிசம் உள்ளவரை மற்றவர்களும் புரிந்துகொள்வதில்லை. 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் எட்டு எட்டுப் பேரை வரிசையாக வைத்து ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கதை சொல்லவைத்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையிலும், இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையிலும் செய்தி ஒரே அளவு நன்றாகக் கடந்தது. கலந்து வைத்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது.

ஷெல்டனிடம் காட்டாமல் விட்டவையும் உண்டு, அவை சின்ன விஷயங்கள் அல்ல. நாள் முழுக்கச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்து விழும் அசதி இல்லை. சத்தமும் வெளிச்சமும் தாங்காமல் உடைந்துபோகும் நிமிடங்கள் ஏறக்குறைய இல்லை. நேர்காணலில் கண்ணைப் பார்க்கவில்லை என்பதற்காக வேலை போவது இல்லை. எல்லாவற்றையும் அவருடைய மேதைமை மன்னித்துவிடுகிறது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 8 வயதுக் குழந்தைகளிடம் 2022-ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கில் 31-இல் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. அறிவுத்திறன் விவரம் கிடைத்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்தே இருந்தது. பேச்சே வராத பிள்ளைகளும் இதே ஸ்பெக்ட்ரத்தில்தான் இருக்கிறார்கள். ஷெல்டன் ஒரு மூலை மட்டும்.

கடைசியாக ஒன்று. பாத்திரத்தை வைத்து நாம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். பக்கத்து வீட்டுப் பையனையோ அலுவலகத்தில் கூட வேலை செய்பவரையோ இப்படிப் பெயர் சூட்டி அழைக்காதீர்கள். ஷெல்டனையோ ஏபெட்டையோ பார்த்து, இது நான்தானே என்று உங்களுக்கே தோன்றினால் அது வேறு விஷயம். பெரியவர்கள் பலர் அப்படித்தான் மதிப்பீட்டுக்கு வருகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் ஆட்டிச அம்சங்களை அளக்கும், 50 கேள்விகள் கொண்ட ஏ.க்யூ. படிவம் ஒரு முதல்கட்ட வடிகட்டி மட்டும், அதன் எண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மனநல மருத்துவரையோ, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரையோ பாருங்கள். பெரியவர்களுக்கு ஆட்டிச மதிப்பீடு செய்வீர்களா என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள், எல்லோரும் செய்வதில்லை. சென்னைப் பக்கம் உள்ளவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ஆட்டிசம் மாற்றுத்திறன் பட்டியலில் உள்ளது. சான்றிதழ் வேண்டுமென்றால் ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோலில் மதிப்பிடுவார்கள்.

போகும்போது, நான் ஷெல்டன் மாதிரி என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். எங்கெங்கே உழைக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள்: போனில் பேசும் முன் எழுதிப் பார்த்தது, ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்து மறுநாள் முழுக்க இருட்டறையில் படுத்தது, சட்டைக் காலரின் லேபிளை வெட்டியது, வழக்கமான பஸ் வராததால் அன்றைய வேலையே ஓடாமல் போனது. சின்ன வயதில் உங்களை அறிந்த ஒருவரையும் கூட்டிப் போங்கள், அம்மாவோ அத்தையோ அண்ணனோ. எப்போது பேச ஆரம்பித்தீர்கள், பள்ளியில் சேர்த்த முதல் மாதங்கள் எப்படி இருந்தன, சாப்பாட்டில் எதையெல்லாம் தொடமாட்டீர்கள் என்று அவரிடம்தான் முதலில் கேட்பார்கள்.